யாரிடம் சொல்வது?

காலையில் மணி அடித்ததும் பாடசாலையில் நடைபெறும் முதற் காரியம் வருகைப் பதிவு. உபாத்தியாயர் பெயரைக் கூப்பிடுகிறார். "உள்ளேன், ஐயா" என்று பதில் வருகிறது. பதில் வராத பெயருக்கு எதிரே ஒரு குறி விழுகிறது. பல நாள் தொடர்ந்து பதில் வராவிட்டால், அந்தப் பெயரையே சிவப்பு மையினால் அடித்துவிடுவதும் உண்டு. அதோடு அந்தக் குழந்தைக்கும் பாடசாலைக்கும் உள்ள சம்பந்தம் முடிந்துவிட்டதாக எண்ணம்.

அவ்விதம் நாம் அடித்த பெயர் ஒன்று பல வருஷங்களாகியும் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள், கணக்கில் கெட்டிக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் போன பிறகு, கையில் நோட்டுப் புத்தகத்துடன் நம் மேஜையருகே வந்து நின்றாள். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் நமக்கு முன்னே குவிந்து கிடந்தன. "கணக்கில் சந்தேகமா? திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், அம்மா" என்றோம். "சரி, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. அவளுக்குக் கலியாணம் ஆகிவிட்டதென்று மாதக் கடைசியில் அவளுடைய தோழி ஒருத்தி சொன்னாள். அப்போது அவளுக்கு வயது 15.

இரண்டு வருஷம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையுடன் அவளைக் கண்டோம். "சௌக்கியமா, ஐயா?" என்று முதலில் கேட்டவள் அவள்தான். அன்று மாலை எதற்காக வந்து நின்றாய் என்று கேட்க நமக்கு நா எழவில்லை. ஒருவேளை உண்மையாகவே கணக்கில் சந்தேகமாக இருந்திருக்கலாம். அப்படியே இருந்திருக்க வேண்டுமென்று மனம் விரும்புகிறது. ஆனால், அவள் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் வாய் திறந்து சொல்லியிருந்தால், நாமும் காது கொடுத்துக் கேட்டிருந்தால், பிறகு என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சட்டங்களையும் விதிகளையும் புரட்டினோம். நிர்க்கதியாய் நிற்கும் ஒரு குழந்தைக்கு நம் தேசம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது, அந்த ஏற்பாட்டிடமிருந்து குழந்தை எதை வேண்டுகிறது என்னும் இரண்டையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்ததில் இந்தியாவிலேயே முந்திக்கொண்டது நமது சென்னை மாகாணம். 1920-ஆம் வருஷத்தில் இங்கே குழந்தைகள் சட்டம் பிறந்தது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் ஆகுமுன் விவாகம் கூடாதென்ற சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், போக்கிடமற்ற பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அந்நியர் ஆட்சி நடந்த காலத்திலேயே, நம் தேசத்துக் குழந்தை நம்முடைய பொறுப்பு என்ற உணர்ச்சி இங்கே விழித்திருந்தது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

சுதந்திரம் வந்த பின்னர் சட்டங்கள் பெருகின. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு வைக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 24-வது ஷரத்து விதித்தது. பெண்ணின் விவாக வயது 1978-இல் 18 ஆக உயர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. பால்ய விவாகத்தைத் தடுக்க 2006-இலும், குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கப் போக்ஸோ என்ற பெயரால் 2012-இலும் சட்டங்கள் வந்தன. 1986-லும் 2000-லும் இயற்றப்பட்ட சிறார் நீதிச் சட்டம், 2015-இல் புது உருவம் பெற்றது.

இத்தனைக்கும் பிறகு நிலைமை என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20-லிருந்து 24 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 23 பேர் 18 வயது நிறையுமுன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் அது நூற்றுக்குச் சுமார் 13. வடக்கைப் பார்த்து நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் ஐந்து பேரைக் கண்ணால் எண்ணிப் பார்த்தால் போதும். சட்டம் இருந்தும் இப்படியாவானேன்? குழந்தையின் வாய்ச்சொல்லுக்கும் சட்டத்தின் கைக்கும் நடுவே ஏதோ ஒன்று அறுந்து கிடக்கிறது. அது என்னவென்று பார்ப்போம்.

ஒரு சொல் போகும் வழி

அந்தப் பெண் நம்மிடம், "ஐயா, எனக்குக் கலியாணம் நிச்சயம் செய்கிறார்கள், நான் படிக்க வேண்டும்" என்று சொல்லியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விவாக வயது வருமுன் மணம் முடிக்கப்படும் அபாயத்தில் இருக்கும் குழந்தை, கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையென்று 2015-ஆம் வருஷத்துச் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. 1098 என்ற எண்ணுக்கு ஒரு டெலிபோன் செய்தால் போதும், காசு செலவில்லை, இரவு பகல் என்ற பேதமும் இல்லை. 1996-இல் பம்பாயில் ஒரு கல்வி நிலையத்தின் முயற்சியாக ஆரம்பமான இந்த உதவி, பிற்பாடு தேசமெங்கும் பரவி, 2023-இல் சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது.

ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தையைப் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஜில்லாவின் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவரும் நான்கு அங்கத்தினரும் கொண்டது அக்குழு. அங்கத்தினரில் ஒருவராவது பெண்ணாயிருக்க வேண்டும். மாஜிஸ்டிரேட்டுக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. மாதத்தில் 20 நாளாவது அது கூட வேண்டும். குழந்தையின் வீட்டு நிலைமையை 15 நாளுக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நான்கு மாதத்துக்குள் குழு இறுதி முடிவு சொல்ல வேண்டும். கலியாணத்தைத் தடுக்க மாஜிஸ்டிரேட் தடையுத்தரவு பிறப்பிக்கலாம்.

காகிதத்தில் இந்த வழி செவ்வையாகவே இருக்கிறது. இனி அதைக் குழந்தையின் கண்கொண்டு பாருங்கள். முதலில் உபாத்தியாயர், பிறகு டெலிபோனில் கேட்கும் ஒரு குரல், பிறகு வீட்டுக்கு வரும் ஊழியர், பிறகு போலீஸார், பிறகு குழுவிலுள்ளவர்கள், பிறகு விசாரணை செய்யும் அதிகாரி, பிறகு விடுதியின் பொறுப்பாளர். ஒவ்வொருவரும் நல்லவராகவே இருக்கட்டும். ஆயினும் ஒவ்வொருவரும் புது முகம். ஒவ்வொரு புது முகமும், "என்னம்மா நடந்தது? முதலிலிருந்து சொல்லு" என்றுதான் தொடங்குகிறது. பெற்றவர்களைப் பற்றிப் பிறரிடம் ஒரு தரம் சொல்வதற்கே குழந்தைக்கு நெஞ்சு நடுங்கும். ஏழு பேரிடம் ஏழு தரம் சொல்ல நேர்ந்தால், எட்டாவது தரம், "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லிவிடும். அதைக் கேட்டவர்கள் குழந்தை பொய் சொன்னதென்று எழுதிக்கொண்டு போவார்கள்.

இந்த ஆபத்தைச் சட்டம் செய்தவர்கள் உணராமல் இல்லை. போக்ஸோ சட்டத்தின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை பெண் அதிகாரியே அதைச் செய்ய வேண்டும். செய்பவர் போலீஸ் உடுப்பு அணிந்திருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லக் குழந்தையைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. குற்றவாளியின் முகத்தில் விழிக்கும்படி விடக் கூடாது. வழக்கு முடியும் வரை கூடவே இருந்து துணை செய்ய ஒருவரை நியமிக்கலாம் என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. அந்த ஏழு முகங்களுக்கு நடுவே மாறாத முகமாக ஒன்று இருக்கட்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து. குழந்தைகளுக்காக எழுதப்பட்ட விதிகள் அனைத்திலும் நாம் தலையாயதாக மதிப்பது இதுவே. ஆனால், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு மட்டும் கிடைத்தால் போதுமா? நிர்ப்பந்த விவாகத்திலிருந்து தப்பியவளுக்கும், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவனுக்கும், குடிகாரத் தகப்பனின் அடிக்கு அஞ்சி ஓடி வந்தவனுக்கும் அத்தகைய துணை ஒன்று வேண்டாமா?

இல்லமும் வீடும்

குழந்தையை மீட்டுவிட்டோம், எங்கே வைப்பது? நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது ஓர் அநாதை விடுதி. நான்கு சுவரும் மூன்று வேளைச் சோறும் கிடைத்துவிட்டால் குழந்தை காப்பாற்றப்பட்டுவிட்டதாக எண்ணுகிறோம். பண்டிகை நாளில் அங்கே போய் இனிப்பு வழங்கிவிட்டுத் திருப்தியுடன் வீடு திரும்புகிறோம்.

சோறு மட்டும் குழந்தையை வளர்ப்பதில்லை என்பதற்கு ருமேனியா தேசம் பெற்ற அனுபவம் ஒரு பெரிய பாடம். 1989-இல் அங்கே சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சர்க்கார் விடுதிகளில் அடைபட்டிருந்ததை உலகம் கண்டது. 2000-ஆம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர் சிலர் புக்காரெஸ்ட் நகரத்து விடுதிகளிலிருந்த 136 சிசுக்களை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பாதியாகப் பிரித்தனர். ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் விடப்பட்டார்கள். பல வருஷம் தொடர்ந்து கவனித்ததில், குடும்பத்தில் வளர்ந்த குழந்தைகள் அறிவிலும், பிறரிடம் பற்று வைக்கும் திறத்திலும் முன்னேறியிருந்தனர். இரண்டு வயதுக்குள் குடும்பத்தை அடைந்த குழந்தைகளே அதிக நன்மை பெற்றனர். ஓயாமல் ஆட்கள் மாறும் விடுதியில், இன்னார் என் மனிதர் என்று குழந்தை பற்றிக்கொள்ள எவருமில்லை. பற்றிக்கொள்ள இடமில்லாத கொடி எப்படிப் படரும்?

நமது சட்டமும் இதையே ஒப்புக்கொள்கிறது. விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அடிப்படைத் தத்துவங்களில் ஒன்று. பெற்றோரிடமோ சுற்றத்தாரிடமோ குழந்தை இருக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெற்றவர்கள் கொடியவர்களாயிருந்தால் குழந்தையைப் பிரித்தே ஆக வேண்டும். அதில் தயக்கம் கூடாது. ஆனால், பெற்றவர்கள் வெறும் ஏழைகளாயிருந்தால்? வறுமை ஒரு குற்றமல்ல. வறுமைக்கு மருந்து குழந்தையைப் பிரிப்பதும் அல்ல. அந்த வீட்டு அடுப்பு எரியும்படி செய்வதுதான். மத்திய சர்க்காரின் வாத்ஸல்யத் திட்டத்தில், இத்தகைய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை வழங்க இடமிருக்கிறது. கொரோனாப் பெருநோயில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவித்தபோது, அவர்களை வைத்துக் காப்பாற்றும் உறவினருக்கு மாதம் 3,000 ரூபாய் தருவதாகவும் கூறியது. அந்த இரண்டாவது ஏற்பாட்டின் அருமையைப் பலர் கவனிக்கவில்லை. பாட்டியின் மடியிலேயே பேரனை வைத்திருக்க உதவி செய்வது, புதுக் கட்டடம் ஒன்று எழுப்புவதைவிட உயர்ந்த காரியம்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கலியாணம் செய்து வைக்கும் பெற்றோரில் பலரும் கல்நெஞ்சர்கள் அல்லர். "வயசுப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் கவலை தீரும்" என்பார்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்புவதாக மிரட்டினால் அன்றைய முகூர்த்தம் நின்றுவிடும். அடுத்த மாதம் வேறோர் ஊர்க் கோயிலில் ரகசியமாக நடந்துவிடும். தடையுத்தரவு கொண்டுபோன அதிகாரி அதோடு நில்லாமல், அந்தப் பெண் தங்கிப் படிக்க ஒரு ஹாஸ்டலில் இடமும், வீட்டுக்கு மாத உதவியும் வாங்கிக் கொடுத்து, மறுபடியும் மறுபடியும் வீட்டுக்குப் போய் விசாரித்தாரானால், கலியாணம் நிஜமாகவே நிற்கும்.

மாறாத முகம்

மறுபடியும் மறுபடியும் போய் விசாரிப்பது யார்? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு ஜில்லாவிலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒரு காரியாலயம் இருக்கிறது. அதில் வேலை செய்வோர் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பேரில் நியமிக்கப்பட்டவர்கள். இன்றைக்கு இருப்பவர் நாளைக்கு வேறு உத்தியோகம் கிடைத்தால் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால், அவர் போகும்போது கோப்பு மட்டுமே காரியாலயத்தில் தங்குகிறது. குழந்தை அவரிடம் வைத்த நம்பிக்கை தங்குவதில்லை. புதிதாக வருகிறவர் கோப்பைப் படிக்கிறார். குழந்தையோ மறுபடியும் வாயை மூடிக்கொள்கிறது.

உத்தியோகம் நிலையாயிருந்தால்தான் ஊழியர் நிலைப்பார். ஊழியர் நிலைத்தால்தான் குழந்தை பேசும். அணை கட்டவும் சாலை போடவும் நிரந்தர இஞ்சினீயர்களை நியமிக்கும் ராஜாங்கம், குழந்தைகளைக் காக்க நிரந்தர மனிதர்களை நியமிக்கக் கூடாதா? ஒருவர் கையில் ஒப்படைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் பெயரையும் முகத்தையும் அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவாக இருக்க வேண்டாமா? தேசத்தைக் கேட்டே தீர வேண்டிய கேள்விகள் இவை.

இன்னொன்றும் உண்டு. 18 வயது நிரம்பிய அன்றே விடுதிக் கதவு குழந்தைக்குப் பின்னால் சாத்தப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளையை 18-ஆவது பிறந்த நாளன்று பெட்டியும் படுக்கையுமாகத் தெருவில் நிறுத்துவோமா? 21 வயது வரை பின்காப்பு உதவி அளிக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. அந்த உதவியென்பது பணம் மட்டும் அன்று. தீபாவளிக்கு எங்கே போவது, காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்லியனுப்புவது, முதற் சம்பளத்தை யாரிடம் காட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடையாக ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

அடுத்த வீட்டு விஷயம்

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சொன்னோம். இனி நம் பங்கு. "அடுத்த வீட்டு விஷயத்தில் நாம் தலையிடலாமா?" என்பது நம்மவர் நெடுநாள் வழக்கம். அடுத்த வீட்டில் தீப்பிடித்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அடுத்த வீட்டுக் குழந்தை நடுநிசியில் அலறினால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது தெரிந்தும் சொல்லாமலிருப்பதைக் குற்றமென்றே போக்ஸோ சட்டம் விதித்திருக்கிறது; அதற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் கொடுத்தவர்மேல் வழக்கு வராதபடியும் அதுவே காப்பளிக்கிறது. குழந்தையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் வெளியிடுவதையும் சட்டம் தடுத்திருக்கிறது. ஆகையால் குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சி மௌனமாயிருக்க வேண்டிய அவசியமில்லை. மானம் போனது கொடுமை செய்தவனுடையது, குழந்தையினுடையது அன்று.

குழந்தை வாய்விட்டுச் சொல்லும் என்று காத்திருப்பதும் தவறு. பெரும்பாலும் அது வேறு பாஷையில்தான் சொல்லும். நன்றாகப் படித்த பையன் திடீரென்று பின்தங்குவான். கலகலப்பாயிருந்த பெண் ஒருவரோடும் பேசமாட்டாள். மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன். திறக்காத நோட்டுப் புத்தகத்துடன் வந்து நிற்கும் ஒரு மாணவி. அப்படி ஒரு குழந்தை வந்து நின்றால், கையிலுள்ள வேலையைக் கீழே வையுங்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல் சொல்வதைக் கேளுங்கள். "நீ சொல்வதை நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்; காப்பாற்ற முடியாத வாக்கு அது. யாரிடம் சொல்லப் போகிறோம், எதற்காகச் சொல்லப் போகிறோம் என்பதை விளக்கிச் சொல்லிவிட்டு, 1098-க்குத் தெரிவியுங்கள். அதோடு உங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், மறுநாளும் அந்தக் குழந்தையைப் பாருங்கள். அதற்கு மறுநாளும் பாருங்கள்.

இப்போதெல்லாம், மூன்று நாள் தொடர்ந்து ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், அன்று மாலையே அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பல தடவை காரணம் வெறும் காய்ச்சலாகவோ ஊர்த் திருவிழாவாகவோ இருந்துவிடும். வீட்டார் மோர் கொடுத்து உபசரித்து அனுப்புவார்கள். வீண் அலைச்சல் என்று சக உபாத்தியாயர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும். அத்தனை வீண் அலைச்சலும், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாம் சொன்ன "திங்கட்கிழமை" என்ற ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

ஜில்லா தோறும் காரியாலயங்கள் இருக்கட்டும், குழுக்கள் கூடட்டும், சட்டங்கள் இன்னும் செவ்வையாகட்டும். இத்தனைக்கும் முன்பாக, "யாரிடம் சொல்வது?" என்று திகைத்து நிற்கும் குழந்தைக்கு, "என்னிடம் சொல்" என்று கூற ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருக்க வேண்டும். இதைப் படிக்கும் நேயர் அந்த ஒருவராயிருக்க வேண்டுமென்பது நமது பிரார்த்தனை.